அராபா அழித்த பெயர்

கானா நாட்டுக் கடற்கரையிலுள்ள எங்கள் எல்மினாவில் மீன் விலை, மின்வெட்டு நேரம், யார் வீட்டில் கல்யாணம் என்று எது தெரிய வேண்டுமென்றாலும் அராபாவின் வலைப்பூவைத்தான் திறப்போம். தையல்காரி. ஆறு வருடமாக இயந்திரத்தை மிதித்துக்கொண்டே அதை நடத்துகிறாள்.

கருத்து எழுதுவோருக்கு அவள் வைத்த முதல் விதி இது: எங்கள் வழக்கப்படி குடும்பத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லி முடிக்கும்வரை இறந்தவர் பெயரை யாரும் எழுதக் கூடாது. தன் அப்பா போன செய்தியை, முகம் தெரியாத எவனோ எழுதிய 'ஆழ்ந்த இரங்கல்' மூலம் அறிந்தவள் அவள். அந்த ரணம் இன்னும் ஆறவில்லை.

அந்தப் புதன்கிழமை மதியம் ஒரு படகு கவிழ்ந்து, மீன்பிடிக்கப் போயிருந்த இளைஞன் ஃபீஃபி கரைக்குப் பிணமாக வந்தான். அவன் தாய் எகுவா, டக்கோரடி சந்தையில் கருவாடு விற்றுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடும்பத் தலைவர் குவெசி, அராபாவிடம் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா அராபா, எகுவா வந்து எங்க நடுவுல உக்காந்த பிறகுதான் நான் வாயைத் திறக்கணும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடி தாயி!"

'படகு கவிழ்ந்தது' என்று மட்டும் அராபா எழுதினாள். கருத்துகள் கொட்டின. ஃபீஃபி என்ற பெயர் வந்தபோதெல்லாம் பதறிப் பதறி அழித்தாள்.

"ஜோஜோவாம்ல செத்தது?" என்று ஒருவன் கேட்டான்.

"டேய், நான் வீட்ல வறுத்த வாழைக்கா தின்னுட்டிருக்கேன். அதுக்குள்ள என்னைப் பொதைச்சிடாதீங்கடா!" என்று ஜோஜோவே எழுதினான்.

அடுத்து இன்னொருவன் எழுதினான்: "கவனிச்சீங்களா? ஜோஜோன்னு எழுதினா அப்படியே நிக்குது. ஃபீஃபின்னு எழுதினா மட்டும் காணாமப் போகுது."

அராபா அதை மறுபடி படித்தாள். மறைக்க நினைத்து, அவளே ஊருக்கெல்லாம் அறிவித்துவிட்டாள்! கருத்துகள் மொத்தத்தையும் அழித்தாள். "யாரைக் காப்பாத்துற? படகுக்காரன் உன் மச்சானா?" என்று வசை வந்தது. கருத்துப் பகுதியையே மூடினாள்.

போன் அடித்தது. எகுவா.

"உன் வலைப்பூவைப் பக்கத்து சீட்டுப் பொண்ணு படிச்சுக் காட்டினா. எம் பையன் பேரை ஏன்டி அழிச்ச?"

அராபா இயந்திரத்தை விட்டு எழுந்தாள்.

"எங்க வந்துட்டிருக்கீங்க அத்தை?"

"கொமெண்டா தாண்டியாச்சு. நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல."

"தெரியும் அத்தை."

பஸ்ஸின் இரைச்சலுக்கு மேல் எகுவாவின் குரல் வந்தது.

"சொல்லாத. குவெசி அண்ணன் சொல்லட்டும். அதுவரைக்கும் எம் பையன் இருக்கான். நீ போனை மட்டும் வச்சுடாத. ஏதாவது பேசுடி."

செருப்பைக்கூட மாட்டாமல் அராபா பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். கண்ணீர் வழிந்து வாய்க்குள் இறங்கியது. குரலை மட்டும் நடுங்க விடவில்லை.

"வியாபாரம் எப்படி அத்தை?"

"பத்து மணிக்கே கூடை காலி. வர்ற வழியில அவனுக்கு ஒரு சட்டை எடுத்தேன்."

சாலையில் இன்னும் பஸ் தென்படவில்லை.

"என்ன கலர் அத்தை?" என்று கேட்டாள் அராபா.