சரோஜா அக்கா நடக்க வேண்டும்

நேற்று காலை எங்கள் தொழிற்சாலையின் மின்சிக்கனக் குழு கூடி, சரோஜா அக்கா நடக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது!

எங்கே போவதற்கு என்று கேட்பீர்கள். எங்கும் இல்லை. ஓர் அறைக்குள்ளேயேதான்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் கூலிமில் எங்கள் தொழிற்சாலையில் ஜன்னலே இல்லாத அறை ஒன்று உண்டு. வெள்ளை அங்கி அணிந்த பெண்கள் அங்கே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் தேடுவார்கள்.

சரோஜா அக்கா அந்த அறையின் உதவியாளர். பாடாங் மேஹா பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார். துடைக்கும் வேலையை வெளி ஆட்களுக்குக் கொடுத்துவிட்ட பிறகு, அவரிடம் மிஞ்சியது இரண்டு பொறுப்புகள். கையுறை எடுத்துக் கொடுப்பது ஒன்று. எல்லாரும் ரேஹாட்டுக்கு, அதாவது தேநீர் இடைவேளைக்குப் போனதும் விளக்குகளை அணைத்து, அவர்கள் திரும்பும்போது போடுவது இன்னொன்று.

இப்படி இருக்கையில், மின்சாரத்தை அதிகம் சாப்பிடும் தொழிற்சாலைகள் சிக்கனம் பிடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

நல்ல விஷயம்தான். இத்தகைய திட்டங்கள் வேலைவாய்ப்பை உருவாக்கும் என்று அதற்காக நடத்திய பயிலரங்கில் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். எங்களுக்கு எனர்ஜி இன்ஜினியராகப் பிரகாஷ் வந்தான். செமிலிங்கிலிருந்து வயரிங் ஆட்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் சரிபார்க்க ஓர் ஆடிட்டர் வந்தார். (அவருக்குக் கதவு திறந்துவிட ஒரு டிரைவரும் வந்தார்.)

கடைசியில் கூரையில் சென்சர் வந்தது. ஆள் அசைந்தால் விளக்கு எரியும். அசையாவிட்டால் அணையும். பழைய சுவிட்சுகளைச் சுவரிலிருந்தே பிடுங்கிவிட்டார்கள்.

கையுறையை அவரவரே எடுத்துக்கொள்ளலாம் என்றும், சரோஜா அக்காவுக்கு வரும் வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது என்றும் சொல்லப்பட்டது.

"இந்த வயசுல எந்த பேக்டரியில தம்பி என்னைய எடுப்பான்?" என்று கையுறைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எங்க பக்கம் வேற பஸ்ஸே கெடையாது. கம்பெனி பஸ்ஸு ஏத்தலைன்னா நான் வாசலையே தாண்ட முடியாது லா."

ஆபீஸ் கிராணியான, அதாவது குமாஸ்தாவான எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. சென்சருக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆபரேட்டர்களின் பெருமையே ஆடாமல் அசையாமல் உட்காருவதுதான். கை நடுங்கினால் சில்லு போய்விடும். மாதம்தோறும் சிறந்த ஆபரேட்டருக்குக் கேடயம்கூட உண்டு. சென்சர் இந்தத் திறமைசாலிகளை நிதானமாகப் பார்த்தது. அறையில் ஒருவரும் இல்லை என்று முடிவு செய்தது. விளக்கை அணைத்தது.

"அலாமாக்! கரண்டு கட்டா?" என்று ஒரு குரல் இருட்டில் கேட்டது.

"கரண்டு இருக்கு. நாமதான் இல்லையாம்" என்றாள் மல்லிகா. (இந்த மாதக் கேடயம் அவளுக்குத்தான்.)

எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினார்கள். விளக்கு வந்தது. சில்லுகள் கீழே விழுந்தன. சூப்பர்வைசர் கத்தினார். எல்லாரும் மறுபடியும் ஒழுக்கமாக அசையாமல் உட்கார்ந்தார்கள். விளக்கு போனது.

நான் பிரகாஷிடம் போனேன்.

"தம்பி, அந்தப் பழைய சுவிட்ச மாட்டிவிட்டுரேன்."

"முடியாதுண்ணே. சுவிட்ச எடுத்தாச்சுன்னு ரிப்போர்ட் போயிருச்சு. போட்டோவோட."

"அப்ப கொஞ்ச நேரம் கூடுதலா எரியிற மாதிரியாச்சும் வையேன்."

"கூட்டினா சேவிங் கொறஞ்சிரும்ணே. ஆடிட்டர் போடுற மார்க் போயிரும்."

"அப்ப அந்தப் பிள்ளைங்க இருட்டுலயே கீறல் தேடணுமா?"

பிரகாஷ் யோசித்தான். "யாராச்சும் உள்ள நடந்துக்கிட்டே இருந்தா போதும்ணே. சென்சர் மேல ஒரு தப்பும் இல்ல."

குழு கூடியது இதற்காகத்தான்.

யார் நடப்பது என்ற கேள்வி எழுந்ததும் எல்லாரும் பிரகாஷைப் பார்த்தார்கள். பிரகாஷ் பிஸ்கட் தட்டைப் பார்த்தான். நான் வெள்ளிக்கிழமை போகப்போகிறவரின் பெயரைச் சொன்னேன்.

அரை நிமிடத்தில் அது நிறைவேறியது. பதவிக்குப் பெயர் வைக்கத்தான் நேரம் பிடித்தது. 'நடப்பவர்' என்பது கௌரவமாக இல்லையாம். 'எனர்ஜி அசிஸ்டன்ட்' என்று முடிவாயிற்று. பச்சை நிறத்தில் பேட்ஜ். ஷிப்ட் தொடங்கியதிலிருந்து முடியும்வரை அறைக்குள் நடமாடுவது கடமை. அக்கா சாப்பிடப் போகும்போது பிரகாஷ் நடப்பான். (பொறியியல் பட்டம் வீண் போகவில்லை.)

ரிப்போர்ட்டில், திட்டத்தால் உருவான வேலைகள் என்ற பக்கத்தில் அக்காவின் படத்தையும் சேர்க்கும்படி மேனேஜர் சொன்னார்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நெசமாவா தம்பி? வேல இருக்கா?"

"இருக்குக்கா. நடக்கணும்."

"எங்க?"

"எங்கயும் இல்ல. சும்மா உள்ளுக்குள்ளயே."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கையில ஒரு துணியாச்சும் குடுங்க லா. சும்மா நடந்தா பைத்தியம்னு சொல்வாளுங்க" என்றார்.

துணி வழங்கப்பட்டது.

இன்று காலை அக்கா பச்சை பேட்ஜோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அறைக்குள் ஒரு சுற்று முடிவதற்குள் மல்லிகா ஆரம்பித்துவிட்டாள். மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா, ஒங்களாலதாங்க்கா எங்க வாழ்க்கையில வெளிச்சமே!"

"வாய மூடிக்கிட்டு வேலையப் பாரு. நான் ஒக்காந்தேன்னு வையி, நீ இருட்டுல."

"பொண்ணு மாப்பிள்ளைகூட மூணு சுத்தோட விட்டுருவாங்க. நீங்க இன்னும் சுத்திக்கிட்டே இருக்கீங்க!"

அறை முழுவதும் சிரித்தது. ஒருவரும் அசையவில்லை.

பத்து மணிக்கு எல்லாரும் ரேஹாட்டுக்குப் போனார்கள். சரோஜா அக்கா ஆளில்லாத அறையில் நடந்துகொண்டிருந்தார். விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன.