இசக்கி போட்ட செக் ஷீட்

இசக்கி லைனில் நின்றுகொண்டே தூங்கிவிட்டாள். அதை அவளே மறுக்கவில்லை. பச்சை ஒயர் போகவேண்டிய இடத்தில் மஞ்சள் போய், கன்வேயர் நின்று, சைரன் அலறி... இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஃபேக்டரி முழுக்க அதுதான் பேச்சு. அதற்கான என்கொயரி போன வெள்ளிக்கிழமைதான் நடந்தது.

ஒரகடம் பக்கம் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனியில், பர்சனல் டிபார்ட்மென்ட்டில் நான் குப்பை கொட்டுவது உங்களுக்குத் தெரியும்தானே? இசக்கிக்கு மெமோ டைப் அடித்த மகராசியும் நானேதான். அவள் வள்ளியூர்ப் பக்கத்துப் பெண். இன்னும் ட்ரெய்னி. என்கொயரியில் அவள்மேல் தப்பு என்று முடிவானால் கன்ஃபர்மேஷன் கிடையாது. பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

மெமோ வாங்க வந்தவள் சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக் காட்டினாள். முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக இருந்தது. மூக்கு வேறு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அரிப்பு தாங்க முடியலக்கா. மெடிக்கல் ஷாப்புல மாத்திரை கேட்டு வாங்கிப் போட்டேன். அதான் கண்ணு சொக்கிட்டு."

"எத்தனை நாளா?"

"மாசாமாசம் வரும்க்கா. பீரியட்ஸுக்கு நாலஞ்சு நாள் முன்னால. அரிக்கி, தலை வலிக்கி, சும்மா சும்மா அழுகையா வரும். அது வந்துட்டுன்னா எல்லாம் சரியாப் போயிரும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே... பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு." சொன்னது நான்! அந்த நாட்களில் குக்கர் விசில் அடித்தாலே அழுகை வருகிற நான்!

"பல்லைக் கடிச்சா அரிப்பு நிக்குமாக்கா?" என்றாள். மெமோவில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஃபேக்டரியில் ஒரு பழக்கம் உண்டு. மெஷின் மக்கர் பண்ணினால் 'ஏன், ஏன்' என்று ஐந்து தடவை கேட்டு மூலகாரணத்தைப் பிடிப்பார்கள். தினமும் செக் ஷீட்டில் குறிப்பார்கள். ஒரு சொட்டு ஆயில் ஒழுகினால் நாலு பேர் டார்ச்சோடு குப்புறப் படுத்துப் பார்ப்பார்கள். அதே லைனில் ஒரு பெண் மாதத்தில் ஐந்து நாள் முடியவில்லை என்றால்? ஒரு 'ஏன்' கூடக் கிடையாது. "ஆரம்பிச்சிட்டாளுங்க" — அவ்வளவுதான்.

இசக்கி என்ன செய்தாள் என்றால்... ஒரு காலி செக் ஷீட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் ரூம் சுவரில் ஒட்டினாள். சேரப்பணஞ்சேரியில் ஐந்து பெண்கள் தங்கியிருக்கும் ரூம், ஃப்ரிட்ஜ் கிடையாது. தேதி, சாப்பாடு, தூக்கம், அரிப்பு, தலைவலி, அழுகை என்று கட்டம் போட்டு, இரண்டு மாதம் ஒரு நாள் விடாமல் எழுதினாள்.

ஊரிலிருந்து பஸ் பார்சலில் கருவாடு வரும். ஞாயிறு வைத்த மீன் குழம்பைச் சுடவைத்துச் சுடவைத்து செவ்வாய் வரை ஓட்டுவார்கள். கூடவே ஊறுகாய். மற்ற நாட்களில் அதெல்லாம் அவளை ஒன்றும் செய்யவில்லை. பீரியட்ஸுக்கு முந்தைய நாட்களில் கருவாடு, பழைய குழம்பு, ஊறுகாய் இல்லாமல் சாப்பிட்டால் கொஞ்சம் அரிப்பு, அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்த நாளில்தான் கை வரிவரியாக வீங்கியது!

வாரம் ஒருமுறை கம்பெனிக்கு வரும் லேடி டாக்டரிடம் அதைக் கொண்டுபோய் நீட்டினாள். நானும் கூடப் போனேன், என் பாவத்தைக் கழுவ. டாக்டர் அசந்துபோனார். ஹிஸ்டமின் என்று ஒன்று நம் உடம்பிலேயே இருக்கிறதாம். தும்மல், அரிப்பு, தடிப்பு எல்லாம் அதன் வேலை. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் ஏறி இறங்கும்போது அது கூடுதலாகக் கிளம்பலாமாம். கருவாடு, ஊறுகாய், நாள்பட்ட மீன் குழம்பு வழியாக வெளியிலிருந்தும் உள்ளே வருமாம்.

"'லாம்'னுதான் சொல்றேன்மா. இன்னும் முழுசா நிரூபணம் ஆகல, எல்லாருக்கும் இதுதான் காரணம்னும் கிடையாது. ஆனா உன் கணக்கு பொருந்துது," என்றார். அந்த ஒரு வாரம் மட்டும் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம், அன்றன்று சமைத்ததைச் சாப்பிடு, தூக்கத்தைக் கெடுக்காதே, குறிப்பதை நிறுத்தாதே. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை கூடவே கூடாது — அலர்ஜி மாத்திரைகளில் பல தூக்கத்தைக் கொண்டுவரும். தேவைப்பட்டால் அதிகம் தூக்கம் வராததாக அவரே எழுதித் தருவாராம்.

வெள்ளிக்கிழமை என்கொயரி. மேனேஜர், சூபர்வைசர், இன்னும் இரண்டு பேர், எல்லாரும் ஆண்கள். மினிட்ஸ் எழுத நான். இசக்கி செக் ஷீட்டை மேஜைமேல் விரித்து, "இது பீரியட்ஸ் வந்த தேதி, சார்" என்று ஆரம்பித்தாளோ இல்லையோ, சூபர்வைசர் குதித்தார்.

"இன்னாமா இது? ஆம்பளைங்க குந்திகினு இருக்கற எடத்துல இதையெல்லாமா பேசுவ? கொஞ்சமாச்சும் கூச்சம் வாணாம்?"

அவள் ஷீட்டை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேச்சை நிறுத்தவில்லை.

"மெமோ குடுத்தது ஆம்பளைங்கதான சார்? அப்போ காரணத்தையும் நீங்கதான் கேக்கணும்."

எனக்கு எழுந்து நின்று கைதட்டவேண்டும் போலிருந்தது. மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். "நம்ம மெயின்டனன்ஸ்ல ஒருத்தனும் இவ்ளோ சுத்தமா எழுத மாட்டான்யா," என்றார். மெமோ ரத்து. கன்ஃபர்மேஷனுக்குத் தடையில்லை. மாத்திரை போடுகிற நாளில் கன்வேயர் வேண்டாம், உட்கார்ந்து செக் பண்ணுகிற வேலை.

அப்பாடா என்று நான் பேனாவை மூடப்போனபோது மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மேடம், மினிட்ஸ்ல மட்டும் வயித்துவலின்னு போட்டுடுங்க."

"எனக்கு வயித்துவலி கிடையாதே சார்," என்றாள் இசக்கி. "நான் எதுக்குப் பொய் சொல்லணும்?"

பர்சனல் டிபார்ட்மென்ட்டில் இத்தனை வருஷமாக எத்தனை பெண்களுக்கு நான் 'வயிற்றுவலி' என்று டைப் அடித்திருக்கிறேன்! இந்த முறை 'மாதவிடாய்க்கு முந்தைய அலர்ஜி' என்றே அடித்தேன். நாலு பேரும் படித்தார்கள். நாலு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை!