செவ்வாய்க்கிழமை அந்தோனியார்

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையின் மூலைவீட்டில் இருந்தவர் பேர்ணடெற் மிஸ். டைப்பிங் படிப்பித்ததால் வந்த மிஸ். கலியாணம் கட்டவில்லை. அவருக்கு ஒரு பக்க மார்பு இல்லை என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. வெட்டி எடுத்து வருடக்கணக்காகியும், பழைய சீலைத்துணியைத் திரணையாகத் தைத்து உள்ளே வைத்துக்கொண்டு பூசைக்குப் போய் வந்தார். அடுத்த வீட்டில் என்ன கறி என்று மணத்திலேயே சொல்லக்கூடிய எங்கள் சனத்திடம் இதை மறைத்தது சின்னக் காரியமில்லை.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புற்றுநோய்க்கு மருந்தெடுக்க வந்த பெண்களை மிஸ்தான் மகரகமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். சிங்களம் தெரியாதவர்கள், செக்பொயின்டில் வாயடைத்துப் போவார்கள். ஒழுங்கைக்குச் சொன்னதோ கொச்சிக்கடை அந்தோனியார் கோயில். செவ்வாய்க்கிழமை அங்கே சைவக்காரரும் போவார்கள், யார் சந்தேகப்படுவது? மெழுகுதிரியோடு புறப்பட்டு, சொன்னது பொய்யாகக் கூடாதென்று கோயிலில் உண்மையாகவே ஒன்றைக் கொளுத்திவிட்டு பஸ் ஏறுவார்கள்.

அப்படி வந்தவர்தான் கனகேஸ்வரி. கூட வந்தது மகள் ஜெகதீஸ்வரி. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கினார்கள். பெட்டைக்குக் கனடாவில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. தாய்க்கு இந்த வருத்தம் என்றால் மகளுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிடுவார்கள் என்ற பயம் கனகேஸ்வரிக்கு. ஒருவருக்கும் சொல்வதில்லை என்று மகளின் தலையில் அடித்து மிஸ்ஸிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் அவரோடு முதல்முறை வெளிக்கிட்டார். வெளியூரிலிருந்து வரும் தமிழர் பொலிசில் பதியவேண்டும். அப்போதும், கொழும்புக்குக் கலியாண வீட்டுக்கு வந்ததாகவே சொல்லிவிட்டார்.

"பொலிசுக்கெண்டாலும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே, அக்கா," என்று மிஸ் தலையில் கைவைத்தார்.

"வீட்டுக்காரி பக்கத்தில நிண்டவ. நான் எப்பிடிச் சொல்லுறது?"

இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலை பொலிசார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். இரண்டு மாதமாக என்ன கலியாணம் என்று கேட்டு ஜெகதீஸ்வரியை ஏற்றிக்கொண்டு போனார்கள். என் அண்ணனையும் பிடித்ததால் நானும் ஸ்டேசனுக்கு ஓடினேன். அரைவாசி ஒழுங்கை அங்கே நின்றது. மேசைக்கு முன்னால் கனகேஸ்வரி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்தபடி. ஒரு சொல் சொன்னால் மகள் வெளியே வருவாள். அந்தச் சொல்லை இத்தனை காதுகளுக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மகளைப் பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பப் போவதாக அதிகாரி சொன்னதும் நிலத்தில் குந்திவிட்டார்.

மிஸ் அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு மேசையடிக்குப் போனார்.

"லெடே மட்ட தமயி, மாத்தயா," என்றார். வருத்தம் எனக்குத்தான். இந்தப் பிள்ளையும் தாயும் என்னைப் பார்க்கத்தான் நிற்கிறார்கள், வெளியில் தெரியக்கூடாதென்று கலியாணம் என்று சொல்லச் சொன்னது நான்தான் என்று சிங்களத்தில் சொன்னார். அதிகாரி நம்பாமல் சிரித்தான். மிஸ் சட்டைக்குள் கையைவிட்டு, அந்தத் துணித் திரணையை எடுத்து மேசையில் வைத்தார்.

அதிகாரி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பெட்டையை விட்டார்கள். எனக்கு அந்த மனிசியின் காலில் விழவேண்டும்போல் இருந்தது.

அடுத்த செவ்வாய் மிஸ் மெழுகுதிரியோடு போய்க் கதவைத் தட்டினார். கனகேஸ்வரி பாதிதான் திறந்தார்.

"குறை நினையாதேங்கோ, மிஸ். உங்களுக்கு இன்ன வருத்தமெண்டு இப்ப ஊருக்கே தெரியும். அந்தோனியார் கதையை இனி ஆர் நம்புவினம்? உங்களோட திரிஞ்சா எனக்கும் அதுதான் எண்டு விளங்கிப்போடும்."

"நீங்க முன்னால போங்கோ, அக்கா. நான் தள்ளி வாறன். பஸ்ஸுக்குள்ள சந்திப்பம்."

"ஐயோ, வேண்டாம்."

மகளும் கெஞ்சிப் பார்த்தாள். பெட்டை திரும்பப் பிடிபட்டுவிடுவாள் என்று அவளையும் வெளியே விடாமல், கனகேஸ்வரி தனியே ஒருமுறை போனார். செக்பொயின்டில் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தார். அதோடு மருந்து நின்றது. நன்றாகக் கேட்டுக்கொண்டு வந்த மருந்து. எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. யாரில் என்று கேட்டால் கனகேஸ்வரியில் இல்லை. ஊர்வாயைத் தெரிந்துதானே அந்த மனிசி பயந்தது.

நத்தார்ப் பண்டிகைக்கு முன்னரே அவர் போய்ச் சேர்ந்தார். நெஞ்சுவலி என்று சொல்லிச் செத்தவீடு நடந்தது. மிஸ் கேற்றுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார்.

கனடாவுக்குப் புறப்படும் முன் ஜெகதீஸ்வரி மூலைவீட்டுக்குப் போயிருக்கிறாள். வெளிக்கிடும்போது சொன்னாளாம்:

"அண்டைக்கு நீங்க சத்தியத்தை மீறி, அம்மாவுக்குத்தான் வருத்தமெண்டு சொல்லியிருக்கலாம், அன்ரி. கலியாணம்தானே குழம்பியிருக்கும். அம்மா உங்களோட மருந்துக்கு வந்திருப்பா."

மிஸ் இதை எனக்குச் சொல்லிவிட்டு, அவள் சொன்னது சரியா என்று என்னைக் கேட்டார்.