பெஞ்சில் சுரண்டிய பெயர்

திலகவதி டீச்சர் இறந்துவிட்டார் என்று அவருடைய மகன் போன் செய்தபோது, மதிய உணவுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளை நான் அதட்டிக்கொண்டிருந்தேன். உடனே அவருடைய ஊரான சுரக்குடிக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஒரு பள்ளிக்கூடத்தைத் தன் கையால் எழுப்பி, தன் கையாலேயே இழந்தவர் அவர். அவரோடு வேலை பார்த்த எங்களுக்கெல்லாம் இது தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சுனாமிக்குப் பிறகு எங்கள் கடற்கரைப் பள்ளியில் சுவர்கள் மட்டும்தான் நின்றன. கல்வித் துறையிலிருந்து வரவேண்டியது வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகள் படிப்பையே மறந்துவிடுவார்கள் என்று சொல்லி, தலைமையாசிரியர் நாற்காலியை விட்டு டீச்சர் தெருவில் இறங்கினார். நிவாரணப் பொருள் பிரித்ததில் மீனவர் தெருவுக்கும் முஸ்லிம் தெருவுக்கும் மனக்கசப்பு இருந்த நேரம் அது. இரண்டு தெருப் பெரியவர்களையும் கூப்பிட்டு ஒரே வகுப்பறையில் தரையில் உட்காரவைத்தார். படகு வைத்திருந்த வைரக்கண்ணு பெஞ்சுகள் செய்து தருவதாகச் சொன்னார். வளைகுடாவில் மகன்கள் இருந்த ஹாஜியார் ஒருவர் குடிதண்ணீர்த் தொட்டியை ஏற்றுக்கொண்டார். "கேட்டு வாங்குறதுல வெக்கமே இல்ல. வாங்குனத எல்லாருக்கும் பொதுவாக்குறதுதான் கஷ்டம்" என்று டீச்சர் அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

நம் பக்கத்து வழக்கப்படி தொட்டியில் 'உபயம்' என்று போட்டு ஹாஜியார் குடும்பத்தின் பெயரை எழுதினார்கள். பெஞ்சுகளில் 'மலர்விழி நினைவாக' என்று எழுதியிருந்தது. மலர்விழி வைரக்கண்ணுவின் ஒரே மகள். எங்களிடம் நாலாம் வகுப்பு படித்தவள், அலையில் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் வினை ஆரம்பித்தது. இது எங்கள் தெரு பெஞ்சு என்று மீனவர் தெருப் பிள்ளைகள் மற்றவர்களைத் தரையில் தள்ளினார்கள். தொட்டியடியில் அதே பேச்சு அவர்களுக்குத் திரும்பி வந்தது. ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமலே திரும்பிய சிறுமி ஒருத்தி, வெயிலில் மயங்கி விழுந்தாள். அன்று சாயங்காலம் டீச்சர் சமையல்கூடத்துக் கத்தியை எடுத்துத் தொட்டியில் இருந்த பெயரைச் சுரண்டினார். பிறகு பெஞ்சுகளுக்கு வந்தார். இதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சினேன்.

"பேரு ஆபீஸ் ரூம்ல இருக்கட்டும். புள்ளைங்க உக்காருற எடத்துல வேணாம்" என்றார். சுரண்டிக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலர்விழிக்கு அ எழுதக் கற்றுக்கொடுத்ததே அவர்தான்.

மறுநாள் ஹாஜியார் வந்து பார்த்துவிட்டு, அல்லாஹ்வுக்குத் தெரிந்தால் போதும் என்று சொல்லிப் போய்விட்டார். வைரக்கண்ணு வரவில்லை. தன் தம்பி பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அவரைப் பார்த்துத் தெருவே நிறுத்தியது. டீச்சர் அவர் வீட்டுக்கு நடையாய் நடந்தார். ஒரு தடவை நானும் கூடப் போனேன். கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்தே வைரக்கண்ணு பேசினார்.

"கடலு ஒரு தடவ எடுத்துட்டுப் போச்சு. நீங்க இன்னொரு தடவ எடுத்துட்டீங்க, டீச்சர்."

பிள்ளைகள் குறைந்துபோனதால் பள்ளியைப் பூட்டி, மிச்சமிருந்தவர்களை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். எனக்கு அது முடியாது. டீச்சர் செய்தது சரி, செய்த விதம் தவறு. ஊரையே கூட்டி உட்காரவைக்கத் தெரிந்தவர், கத்தியை எடுக்கும் முன் அந்தத் தகப்பனைக் கேட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு அவரே ஒருநாள், "கேட்டுருந்தா சம்மதிச்சிருப்பாருல்ல?" என்றார்.

சுரக்குடியில் அவரை வீட்டு வாசலில் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் எங்கும் பெட்டி கிடைக்காமல் கடற்கரையிலிருந்து வரவழைத்ததாம். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பெயிண்டில் 'மலர்விழி நினைவாக' என்று எழுதியிருந்தது. டீச்சரின் மகனும் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாலையை இழுத்து எழுத்தின்மேல் போட்டார். பெட்டியோடு வந்திருந்த வைரக்கண்ணு எழுந்துவந்து மாலையைத் தள்ளிவைத்தார்.

"மறைக்காதீங்க தம்பி. எம் பொண்ண எல்லாரோடயும் சேத்துக் குழியில போட்டோம். பொட்டியில வச்சுப் பாக்கக் குடுத்துவைக்கல. அதனாலதான் ஊருக்கு இத வாங்கிக் குடுத்தேன். இன்னிக்கு ஒரு நாளு அவ பேரு டீச்சர்கிட்ட இருக்கட்டும்."

பூட்டிய பள்ளியிலிருந்து வந்த பெஞ்சு ஒன்று இப்போது என் வகுப்பில் கிடக்கிறது. சுரண்டிய இடத்தைத் தடவினால் எழுத்து இன்னும் விரலில் தட்டுப்படும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் அதில் உட்காருகிறார்கள். டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெஞ்சும், அவர் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தையும்தான்.