ஒரு எழுத்துக் குறைந்த முகவரி

ஈமெயில் அனுப்பி வாங்கும் சேவர் கணினியைப் பார்த்துக்கொள்கிறவனைக் கடிதம் போகும்போது ஒருவரும் நினைப்பதில்லை, போகாவிட்டால்தான் தேடி வருவார்கள். இந்த வேலையில் கிடந்து அவதிப்படுகிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு லொறிக் கொம்பனியில் எனக்கு அந்த வேலை. அப்போது ஊரில் ஈமெயில் இருந்த இடங்கள் குறைவு. அதனால் கொம்பனிக் கடிதங்களோடு தெரிந்தவர்களுடைய கடிதங்களையும் அனுப்பிக் கொடுப்போம்.

குவைத்துக்கு ஒரு கடிதம்

இராமாயி அம்மா ஜெயபுரத்திலிருந்து கணவரை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். கணவர் பெருமாளுக்கு இருதய வருத்தம். ஒரே மகள் சாந்தி குவைத்தில் வீட்டு வேலை செய்தாள். அந்த வீட்டு முதலாளியின் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், வேலை செய்த திருச்சிக்காரர் ஒருவர் கடிதங்களை எடுத்துக் கொடுப்பார் என்று, அவருடைய ஈமெயில் முகவரியை ஒரு துண்டில் எழுதி அனுப்பியிருந்தாள்.

அம்மா சொல்லச் சொல்ல, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தேன். அப்பாவுக்கு வருத்தம் கடுமை, உன்னையே கேட்கிறார், ஒரு வரியாவது எழுது. அவ்வளவுதான் கடிதம். போய்விட்டது என்று சொன்னதும் அவருக்கு நம்ப முடியவில்லை. "இம்புட்டுச் சுருக்காவா? அப்ப நாளைக்கே புள்ளைகிட்டருந்து பதில் வந்துரும்."

பத்து நாள்

வரவில்லை. ஆஸ்பத்திரி வாட்டில் கணவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, காலையில் நேரே எங்கள் கந்தோருக்கு வருவார். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து கடிதங்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தபடியால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. "பிள்ளைக்கு வேலை கூடவாக்கும், அம்மா" என்று நானும் ஒவ்வொரு நாளும் சமாளித்தேன். எட்டாம் நாள் அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

பத்தாம் நாள் உள்ளே வந்து கதிரையில் இருந்தார். "இனிமே வரல தம்பி. புள்ள எழுதியிருக்கு, சொகமா இருக்குன்னு அவருகிட்ட நானே சொல்லிப்புடறேன்."

அன்ரனி அண்ணை

எங்கள் ஸ்ரோர் பொறுப்பாளர் அன்ரனி அண்ணை முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்தவர். சண்டையில் வீடும் வள்ளமும் போய், மூன்று இடம் மாறி வவுனியாவுக்கு வந்தவர். அடுத்த மூன்றாம் நாள் நோர்வேயில் இருக்கும் அவருடைய தம்பி கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தார். அண்ணையின் ஈமெயிலுக்குப் பதில் போட்டால், அப்படி ஒரு முகவரி இல்லையென்று திரும்பி வருகிறதாம்.

நேரே சேவரிடம் போனேன். சில கிழமைக்கு முன் இடி விழுந்து சேவர் பழுதாகி, நான்தான் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டிருந்தேன். திறந்து பார்த்தேன். அனுப்புகிறவர் முகவரியில் கொம்பனிப் பெயர் வரும் இடத்தில் ஒரு எழுத்தை விட்டிருந்தேன். எங்கள் கடிதங்கள் எல்லாம் உலகத்தில் இல்லாத ஒரு இடத்தின் பெயரோடு போயிருந்தன. பதில்களும் அந்த இல்லாத இடத்தைத் தேடிப் போய்த் திரும்பியிருந்தன. கொழும்பில் இருந்தவர்கள் தங்களிடம் இருந்த பழைய பட்டியலைப் பார்த்து எழுதினபடியால் அவர்களுடையவை மட்டும் வந்து சேர்ந்தன. எழுத்தைச் சேர்க்க ஒரு நிமிசம்கூடச் செல்லவில்லை. பின்னால் நின்ற அன்ரனி அண்ணை மெல்லச் சொன்னார்: "கரையில எனக்கு இடமில்லையெண்டு தெரியும், தம்பி. இஞ்சையும் இல்லையெண்டு இந்தப் பெட்டி சொல்லிப்போட்டுது."

நாலு கடிதம்

உடனே திருச்சிக்காரருக்கு நடந்ததை எழுதினேன். மறுநாள் காலை, சாந்தி எழுதித் திரும்பிப் போன நாலு கடிதங்களையும் ஒன்றாக அனுப்பியிருந்தார். அவை திரும்பி வந்ததை அவரும் அப்போதுதான் கவனித்தாராம். அச்செடுத்துக்கொண்டு சைக்கிளில் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பெருமாளின் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அவர் முந்தநாள் இறந்துவிட்டார் என்று நேர்ஸ் சொன்னார்.

இராமாயி அம்மா இடம்பெயர்ந்தவர்களின் முகாமில் சொந்தக்காரருடைய ஓலைக் கொட்டிலில் இருந்தார். வாசித்துக் காட்டினேன். முதல் கடிதத்தில் சாந்தி அப்பாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டிருந்தாள். கடைசிக் கடிதத்தில், ஏன் ஒருவரும் பதில் எழுதுகிறீர்கள் இல்லை, அப்பாவுக்கு என்னில் கோபமா என்று கேட்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. பிழை என்னுடையது, ஒரு எழுத்தை விட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. தாள்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "ஒத்த எழுத்துன்னு தெரியாம, பெத்த புள்ளையைப் போயி இத்தன நாளும் மனசுக்குள்ள ஏசிப்புட்டேனே, தம்பி."

மனேச்சரின் அறிக்கை

கந்தோருக்குத் திரும்பி மனேச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. முழுவதையும் கேட்டார். பிறகு கொழும்புக்கு அனுப்பும் அறிக்கைத் தாளை என் பக்கம் தள்ளினார். "சேவர் திருத்தியாச்சு, கொம்பனிக்குப் பாதிப்பு ஒண்டும் இல்லையெண்டு நீர் எழுதிவிடும்."

அதற்குப் பிறகு எந்தச் சேவரைப் போட்டாலும், வெளியூரில் ஒருவருக்கு எழுதி அவருடைய பதில் வந்து சேரும்வரை நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை. அந்த ஒரு விசயத்தில் நான் இப்போது பெரிய கெட்டிக்காரன்.