மாமியார் பெயருள்ள மருமகள்

பலாப்பழத்தை மடியில் சாய்த்து, விரல் முட்டியால் மூன்று இடத்தில் தட்டி, காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் மலர்கொடி வாயைத் திறப்பார். "நூத்திப் பத்து சொள இருக்கும் சார். அஞ்சு கொறஞ்சா காசே குடுக்காதீங்க." மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் இந்தப் பந்தயத்தில் அவரை ஒரு முறையாவது ஜெயித்துவிட நாலு வருடமாக முயன்றுவருகிறேன். நிலக்கரிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப்போய்ச் சுளைகளைத் தட்டில் அடுக்கி எண்ணி, மனைவியிடம் பேச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெயைத் தடவிக்கொண்டு ஒரே கீறல்தான் போடுவார். நார்ச்சடையை விலக்கி அவர் எடுக்கிற சுளை ஒன்றுகூடக் கிழியாது. ஆனால் பொட்டலம் கைக்கு வர நேரமாகும். சுற்றித் தருகிற பழைய செய்தித்தாளை முழுக்கப் படித்தாக வேண்டும் அவருக்கு. அவசரப்படுத்தினால் முகம் சுண்டிவிடும். "இருங்க சார், இந்த ஆளு கேஸுல ஜெயிச்சானா தோத்தானான்னு பாத்துடறேன்." ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர் இவரால் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார்கள்.

எந்தப் பேச்சு எடுத்தாலும், மழையைப் பற்றிப் பேசினாலும்கூட, பத்தாம் வகுப்பில் தான் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கிய கதையை நடுவில் நுழைத்துவிடுவார். சிக்கல் என்னவென்றால், அந்தத் தொண்ணூற்றேழு மலர்கொடிக்குச் சொந்தமில்லை. மதிப்பெண் சான்றிதழில் இருப்பவர் கலியம்மாள்.

மலர்கொடி கம்மாபுரத்துப் பக்கம் பிறந்தபோது வைத்த பெயர் அது. இருபது வருடத்துக்கு முன் துரைராஜுக்குப் பேசி முடித்தபோதுதான், மாப்பிள்ளையின் தாயார் பெயரும் கலியம்மாள் என்று தெரிந்தது. பெற்றவள் பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கூப்பிட முடியுமா? மாப்பிள்ளையின் அப்பா சிங்காரவேலு, அச்சகத்தில் நின்றுகொண்டே முடிவெடுத்து, கல்யாணப் பத்திரிகையில் மலர்கொடி என்று அடித்துவிட்டார். பெண்ணிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதைக் கேட்டபோது எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார். "எங்க சொந்தக்காரங்க பாதிப் பேரு வரவே இல்ல சார். எவளுக்கோ கண்ணாலம்னு பத்திரிகைய ஓரமா வச்சிட்டாங்க!"

ரேஷன் கார்டில் மாமனார் எழுதிவைத்த பெயரே பிறகு ஆதாருக்கும் வங்கிக்கும் போயிற்று. மாமனாரும் காலமாகிவிட்டார். பழைய பெயரைப் பற்றி யாருக்கும் கவலையில்லாமல்தான் இருந்தது, பள்ளிக்கூடச் சத்துணவு மையத்தில் அமைப்பாளர் வேலைக்கு அவர் மனுப் போடுகிற வரை. நாற்பது வயது முடிய நாலு மாதமே பாக்கி. இதை விட்டால் அடுத்த முறை மனுப் போடவே முடியாது. நேர்காணலுக்கு அழைப்பும் வந்துவிட்டது. ஆனால் மனு ஒரு பெயரில், சான்றிதழ் இன்னொரு பெயரில். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள்.

விசாரிக்கப் போன இடத்தில் ஒருவர் ரேஷன் கார்டையும் சான்றிதழையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மாமியார் சர்டிபிகேட்ட எடுத்துகினு வந்துட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "எங்க அத்த பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கனதில்ல சார்" என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மறுநாள் என் பழத்தில் பன்னிரண்டு சுளை குறைந்தது. நாலு வருடத்தில் முதல் தடவை. அவருக்கு உள்ளூர எவ்வளவு பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. காசைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

என் கையெழுத்து திருத்தமாயிருக்கும் என்று, கிராம நிர்வாக அலுவலரிடம் மனு எழுத என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அலுவலர் தமிழ்நிலா சின்ன வயதுப் பெண், பொறுமைசாலி. கணவரும் மாமியாரும் நேரில் வந்து வாக்குமூலம் கொடுக்கவேண்டும் என்றார். துரைராஜ் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். பெல்ட் ஓடுகிற இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டில் தண்ணீர் கேட்டாலே தெருவுக்குக் கேட்கும். வாக்குமூலம் கொடுக்க வந்த அன்றைக்கு அவர் குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"இவங்க உங்களுக்கு யாருங்க?"

"எங்க வூட்டுக்காரிங்க."

"பள்ளிக்கூடத்துல இவங்க பேரு?"

"அது… எங்கம்மா பேருங்க."

"அம்மா பேரு என்ன?"

"கலியம்மாள்."

"சரி, இவங்க பேரு?"

"மலர்கொடிங்க."

இப்படியே மூன்று சுற்று வந்தது. தமிழ்நிலா பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, 'என் மனைவி கலியம்மாள்'னு ஒரே ஒரு தடவ சேத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

"எம் மனைவி…" என்று தொடங்கிய துரைராஜ், தாயார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. மலர்கொடி சான்றிதழ் உறையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்து நீவினார். அவர் சிரிக்காமல் ஐந்து நிமிடம் இருந்து நான் பார்த்ததில்லை.

மூலையிலிருந்து பெரிய கலியம்மாள்தான் பேசினார். "டேய், அவ பேரப் புடுங்கனது உங்கப்பன். எனக்கும் அப்ப அதாண்டா சரின்னு பட்டுது. எம் பேரச் சொல்லிகினு நானே எப்படி மருமவளத் திட்டறது? இருவது வருசம் திட்டியாச்சி, போதும். அவ பேர அவளுக்குக் குடு!"

அறையே சிரித்துவிட்டது. துரைராஜ் கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட் இரைச்சலை மிஞ்சுகிற அந்தக் குரலில், "எம் மனைவி கலியம்மாள்!" என்றார். வெளியே வரிசையில் நின்றவர்கள் என்ன சண்டையோ என்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கானால் எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

தமிழ்நிலா எழுதி முடித்த தாளில் மாமியார் இடது பெருவிரலை வைத்தார். ரேகைக்குக் கீழே பெயர் எழுத வேண்டும் என்றதும் நான் பேனாவை எடுத்தேன். மருமகள் அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மாமியாருக்காக ஒரு முறை 'கலியம்மாள்' என்று எழுதினார். அடுத்த வரியில், தன் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில், பள்ளிக்கூடத்து உருண்டை எழுத்தில் அதே பெயரை இன்னொரு முறை எழுதினார்.

"நாளைக்கே மேல அனுப்பிடறேன். திங்கக்கெழம நேர்காணலுக்குள்ள சான்று கைக்கு வந்துடும்" என்றார் தமிழ்நிலா. மருமகள் தலையாட்டினார். மாமியாரின் மை படிந்த விரலைப் பிடித்து, நேர்காணலுக்கென்று எடுத்து அன்றைக்கே உடுத்தி வந்திருந்த புதுப் புடவையின் தலைப்பில் அழுத்தித் துடைத்துவிட்டார்.