ஜோதிமேரிக்கு வாசித்த ஒன்பது ஓலை

தங்கச்சிமடம் கோயிலில் ஜோதிமேரிக்கு முதல் ஓலை வாசித்தது நாற்பத்தொன்பதில். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் சாமியார். மாப்பிள்ளை சந்தியாகு அக்கரையில், மன்னார் பேசாலையில் இருந்த மாமன் மகன். யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டியவர்கள் கொழும்பிலும் டில்லியிலும் அல்லவா உட்கார்ந்திருந்தார்கள்!

அந்த வருஷம்தான் விசா என்ற ஒன்று முளைத்தது. பெண்ணுக்கு விசா கேட்டால், மாப்பிள்ளையே இலங்கைப் பிரஜைதானா என்று விசாரணை. அவன் இங்கே வரலாம்தான்; வந்தால் திரும்ப விடமாட்டார்கள். ஆறு மாதம் தாண்டினால் ஓலை செல்லாது. ஐம்பத்தொன்றில் மறுபடி மூன்று ஓலை வாசித்தார்கள்.

இதற்கிடையில் அவளைப் பெற்ற அய்யா சவேரியார் மாமன் வீட்டுக்குக் கருவாடு அனுப்புவது நிற்கவேயில்லை. மூட்டைக்கு லைசென்ஸ் கிடைத்தது.

"ஏலே சவேரி, பிள்ளைய மூட்டைக்குள்ள வச்சுத் தச்சு அனுப்புலே!" என்றார் கூட்டாளி சந்தனம். மீனுக்கு உப்பு போட்டுக்கொண்டிருந்த ஜோதிமேரியும் சிரித்தாள். அடுத்த வருஷம் அதையே சொன்னபோது எழுந்து போய்விட்டாள்.

ஐம்பத்துநான்கில் இரண்டு பிரதமர்களும் டில்லியில் ஒப்பந்தம் போட்டார்கள். சவேரியார் தெருவுக்கே கற்கண்டு கொடுத்தார். மூன்றாம் தடவையும் ஓலை வாசித்தாயிற்று. காகிதமில்லாமல் கடல் தாண்டுகிறவர்களைத் தடுப்பதுதான் ஒப்பந்தத்தில் முக்கியம் என்பது பிறகுதான் தெரிந்தது. பாவி மனுஷர், மிச்சக் கற்கண்டைப் பானையோடு கடலில் கொட்டினார்.

ஐம்பத்தேழில் சாமியார் அவளைக் கூப்பிட்டனுப்பினார். கையில் பேசாலைச் சாமியாரின் கடிதம்.

"சந்தியாகுக்கு அங்கனயே ஒரு பொண்ணு பேசியிருக்காக தாயி. முந்தி உனக்குப் பேசுனதால, தடை இல்லன்னு உன் கையெழுத்து கேக்குறாக. நீ மாட்டேன்னா அந்தக் கல்யாணம் நிக்கும்."

எட்டு வருஷத்தில் அவளிடம் சம்மதம் கேட்டு வந்த முதல் காகிதம். கிழித்துப் போடலாம் போல் வெறி வந்தது. சந்தியாகுக்கு முப்பத்துநாலு வயசு. அவனைப் பெற்ற அத்தை படுத்த படுக்கை. அவன் மட்டும் என்ன செய்வான்?

"அவுக மேல கோவமா?"

"கோவப்பட அவுக என்ன கவர்மெண்டா சாமி?"

கையெழுத்துப் போட்டாள். விசாவுக்காக எத்தனையோ பாரங்களில் போட்ட அதே கையெழுத்து. அவற்றில் ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. இதற்கு மட்டும் இருபதே நாளில் அக்கரையிலிருந்து பதில் வந்தது: சந்தியாகுவின் கல்யாணப் பத்திரிகை.